திரும்பி வந்த புற்று: தவறவிடக் கூடாத ஆறு வாரங்கள்

நுரையீரல் ஆபரேஷன் முடிந்து வீடு திரும்பியவர்களில் பலருக்கு மறுபடியும் அதே நோய். கதிர்வீச்சும் கீமோவும் கைகோத்து அப்போது எதைச் சாதிக்கின்றன? எங்கே தோற்கின்றன?

“ரெண்டு கையையும் தலைக்கு மேல தூக்குங்கய்யா.”

டெக்னீஷியன் சாதாரணமாகச் சொல்லும் இந்த ஒரு வரிதான் மேசையில் படுத்திருப்பவருக்குப் பெரும்பாடு. சென்னையில் ஒரு கதிர்வீச்சு மையத்தின் கீழ்த்தளம். ஏ.சி. குளிர் எலும்பைத் தொடுகிறது. சட்டையில்லாமல் படுத்திருப்பவருக்கு வயது அறுபதைத் தாண்டியிருக்கும். முதுகிலிருந்து வலது அக்குளுக்குக் கீழே வளைந்து வருகிறது ஆறிப்போன தையல் தழும்பு. இடது கை சுலபமாக மேலே போய்விட்டது. வலது கை காது மட்டத்தோடு நின்றுவிடுகிறது. விலா இடுக்கில் கத்தி புகுந்த இடம் சுருக்கென்று இழுக்கிறது. கையைப் பக்கத்தில் வைத்துக்கொண்டால் கதிர் கையைத் துளைத்துக்கொண்டுதான் மார்புக்குள் போக வேண்டிவரும். அதனால் தோளுக்கு அடியில் ஒரு துணிச்சுருளைச் செருகி, பிடித்துக்கொள்ளக் கம்பி கொடுத்து, மெல்ல மெல்ல மேலே கொண்டுபோகிறார்கள். நெஞ்சில் மார்க்கர் மையால் போட்ட கூட்டல் குறிகளின் மேல் லேசர் கோடு வந்து பொருந்தியதும் எல்லோரும் வெளியேற, கனத்த கதவு மூடுகிறது.

வலி கிடையாது. சூடு கிடையாது. இயந்திரம் அவரைச் சுற்றி வந்து நிற்கிறது. கால் மணி நேரத்தில் எல்லாம் முடிந்துவிட்டது. ஆனால் நாளைக்கும் வர வேண்டும், நாளை மறுநாளும். திங்கள் முதல் வெள்ளி வரை, ஆறு வாரம். இடையே வாரம் ஒரு கீமோ.

வெளியே பிளாஸ்டிக் நாற்காலியில் மனைவி, மடியில் ஃபைல் கட்டு. கட்டின் அடியில் இருப்பது ஆபரேஷன் முடிந்தபோது கொடுத்த டிஸ்சார்ஜ் சம்மரி. கட்டி இருந்த நுரையீரல் மடலை முழுசாக எடுத்தாயிற்று, வெட்டு விளிம்பில் புற்றுச் செல் இல்லை என்று சொல்லும் காகிதம். மேலே இருப்பது போன மாதத்து ஸ்கேன்.

“அதான் வெட்டி எடுத்தாச்சே!”

நுரையீரல் புற்றுக்கு ஆபரேஷன் செய்துகொள்ளும் வாய்ப்பே இந்தியாவில் கொஞ்சம் பேருக்குத்தான். பெரும்பாலானவர்கள் மூன்றாம், நான்காம் கட்டத்தில்தான் மருத்துவமனைக்கு வந்து சேர்கிறார்கள். ஆபரேஷன் வரை போனவர் அதிர்ஷ்டசாலி என்று உறவுக்காரர்கள் பேசிக்கொள்வார்கள். அந்த அதிர்ஷ்டசாலிகளிலும் நோய் திரும்புகிறது. முழுமையாக வெட்டி எடுக்கப்பட்டவர்களில் 30 முதல் 55 சதவீதம் பேருக்கு அது மறுபடியும் தலைகாட்டுகிறது என்பதுதான் மருத்துவ ஏடுகள் திரும்பத் திரும்பச் சொல்லும் கணக்கு. முதல் கட்டத்தில் எடுத்தவர்களுக்கு இந்த ஆபத்து குறைவு. நிணநீர்க் கணுக்களில் ஏற்கெனவே புற்று இருந்தவர்களுக்கு அதிகம். திரும்பி வருபவற்றில் பெரும்பங்கு முதல் இரண்டு, மூன்று ஆண்டுகளுக்குள் வந்துவிடுகிறது.

எடுத்த பிறகு எப்படி வந்தது? வயலில் கோரையைப் பிடுங்கிய விவசாயிக்கு இதை விளக்க வேண்டியதில்லை. மேலே தெரிந்ததெல்லாம் போனாலும் மண்ணுக்குள் ஒரு கிழங்கு மிஞ்சினால் போதும். சர்ஜன் கண்ணுக்கும் ஸ்கேனுக்கும் தெரியாத அளவில் சில செல்கள் ஆபரேஷனுக்கு முன்பே நிணநீரிலோ ரத்தத்திலோ கிளம்பிப் போயிருக்கும். அவை போய் ஒதுங்கிய இடம் எது என்பதில்தான் மீதிக் கதை இருக்கிறது.

மூளை, எலும்பு, கல்லீரல், அட்ரினல் சுரப்பி என்று தூரத்துக்குப் போய்விட்டால் அது ஒரு வகை. மூச்சுக்குழாயை வெட்டித் தைத்த முனையிலோ, இரண்டு நுரையீரல்களுக்கும் நடுவே உள்ள கணுக்களிலோ, கழுத்தெலும்புக் குழியிலோ மட்டும் முளைத்திருந்தால் அது வேறு வகை. இந்த இரண்டாவது வகையில் நோய் இன்னும் ஒரு வட்டாரத்துக்குள்தான் இருக்கிறது. அந்த வட்டாரத்தை முழு பலத்தோடு தாக்கினால் முற்றாகக் குணப்படுத்தும் வாய்ப்பு இன்னமும் உண்டு. ‘மறுபடி வந்துவிட்டதா, அவ்வளவுதான்’ என்று வீட்டுக்குக் கூட்டிப்போய்விடும் குடும்பங்களுக்கு இந்த வித்தியாசம் போய்ச் சேரவில்லை. சில சமயம் டாக்டர்களே இதை உரக்கச் சொல்வதில்லை.

---

பெட்டிச் செய்தி: 1933, ஏப்ரல் 5

அமெரிக்காவின் செயின்ட் லூயிஸ் நகரில் உள்ள பார்ன்ஸ் மருத்துவமனை. ஜேம்ஸ் கில்மோர் என்ற 48 வயது மகப்பேறு மருத்துவரின் இடது நுரையீரலை முழுதாக ஒரே ஆபரேஷனில் எடுத்தார் எவார்ட்ஸ் கிரஹாம். நுரையீரல் புற்றுக்கு அப்படிச் செய்து நோயாளி பிழைத்தது அதுதான் முதல் முறை. புற்று அங்கே மறுபடி முளைக்குமோ என்ற பயம் அன்றைக்கே இருந்திருக்கிறது. வெட்டிய மூச்சுக்குழாய் முனையில் கதிரியக்க ரேடான் விதைகளைப் பதித்துவிட்டுத்தான் தைத்தார் கிரஹாம்.

கில்மோர் அதற்குப் பின் ஏறக்குறைய 30 ஆண்டுகள் வாழ்ந்தார். கிரஹாமின் கதை வேறு. சிகரெட்டுக்கும் நுரையீரல் புற்றுக்கும் உள்ள தொடர்பை எர்ன்ஸ்ட் வைண்டருடன் சேர்ந்து 1950-ல் உலகுக்குச் சொன்னவர் அவர். நெடுநாள் சிகரெட் பிடித்தவரும்கூட. 1957-ல் நுரையீரல் புற்றாலேயே இறந்தார். அவருக்கு வந்தது இரண்டு நுரையீரல்களிலும் இருந்ததால் கத்தி வைக்க இடமில்லை.

---

நிழல் எல்லாம் புற்று இல்லை

ஆபரேஷனுக்குப் பின் எடுக்கும் சி.டி. ஸ்கேனில் ஒரு நிழல் தெரிகிறது. அது என்ன? தழும்பாக இருக்கலாம், நிமோனியாவாக இருக்கலாம். உலகக் காசநோயாளிகளில் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கினர் வாழும் இந்த நாட்டில் டி.பி.யாகவும் இருக்கலாம். குழப்பம் இரண்டு பக்கமும் உண்டு. டி.பி. என்று நினைத்து மாதக்கணக்கில் மாத்திரை கொடுத்து, கடைசியில் புற்று என்று தெரிந்த கதைகள் நம் ஊரில் சர்வ சாதாரணம். பெட் ஸ்கேனில் ‘பளிச்சென்று எரிந்த’ கணுவைப் புற்று என்று நம்பி, ஊசி போட்டுப் பார்த்தால் டி.பி.யாக இருந்ததும் உண்டு. பெட் ஸ்கேனுக்கு இரண்டும் ஒரே மாதிரிதான் எரியும்.

அதனால் திசுவை எடுத்துப் பார்க்காமல் சிகிச்சையைத் தொடங்குவதில்லை என்பதுதான் நல்ல மையங்களின் வழக்கம். மூச்சுக்குழாய்க்குள் குழாய் விட்டு, அதன் நுனியில் உள்ள அல்ட்ராசவுண்ட் வழியாகப் பார்த்தபடியே கணுவில் ஊசி செருகும் ‘ஈபஸ்’ முறை இதைப் பெருமளவு எளிதாக்கியிருக்கிறது. கிடைக்கும் திசுவை மரபணுப் பரிசோதனைக்கும் அனுப்ப வேண்டும். முதல் ஆபரேஷனில் பார்த்ததே போதும் என்று விட்டுவிடுவதும், அப்போது பார்க்கவே இல்லை என்பதும் இங்கே அடிக்கடி நடக்கிறது. நுரையீரலின் அடினோகார்சினோமா வகையில் இந்திய நோயாளிகளில் ஏறத்தாழ நாலில் ஒருவருக்கு ஈ.ஜி.எஃப்.ஆர். மரபணு மாற்றம் இருக்கிறது. சிகரெட்டைத் தொட்டே இராத பெண்களிடம் இது இன்னும் அதிகம். அந்த ஒரு தகவல், ஆறு வாரத்துக்குப் பிறகான அடுத்த சில ஆண்டுகளின் மருந்தையே மாற்றிவிடும்.

புதிய கட்டி முதலாவதன் வாரிசா, தனியாக முளைத்த இரண்டாவது புற்றா என்ற கேள்வியும் உண்டு. நுரையீரலின் வேறொரு மடலில் சின்னதாக ஒற்றைக் கட்டி என்றால், சில சமயம் மறு ஆபரேஷன் செய்யலாம். இல்லையென்றால் மிகத் துல்லியமான, அதிக வீரியமுள்ள கதிரை நாலைந்து தவணையில் பாய்ச்சி முடிக்கும் எஸ்.பி.ஆர்.டி. முறை போதுமானதாக இருக்கும். ஆறு வாரச் சிகிச்சை பெரும்பாலும் கணுக்களில் திரும்பி வந்தவர்களுக்கு.

இங்கே ஒரு நெருடலான செய்தி. அடிக்கடி ஸ்கேன் எடுத்தால் ஆயுள் கூடுமா? பிரான்ஸில் 122 மையங்களில் 1,775 பேரிடம் நடந்த சோதனையின் முடிவு 2022-ல் வந்தது. முறைவைத்து சி.டி. எடுத்தவர்களுக்கும் எக்ஸ்ரேயோடு நிறுத்திக்கொண்டவர்களுக்கும் ஒட்டுமொத்த ஆயுளில் புள்ளியியல் ரீதியாக நிச்சயமான வேறுபாடு இல்லை. ஆனாலும் முதல் இரண்டு, மூன்று ஆண்டுகளுக்கு ஆறு மாதத்துக்கு ஒருமுறை சி.டி. என்பதையே பெரும்பாலான வழிகாட்டு நெறிமுறைகள் சொல்கின்றன. முகம் வீங்கி, குரல் கம்மி, சளியில் ரத்தம் கண்டபின் வருகிறவருக்கு முழு வீரியச் சிகிச்சையைத் தாங்கும் உடம்பு பல சமயம் மிஞ்சியிருப்பதில்லை. நான் அந்த நெறிமுறையின் பக்கம்தான். மூன்று மாதத்துக்கு ஒருமுறை பெட் ஸ்கேன் எடுக்கச் சொல்லும் இடங்களில் மட்டும், ஏன் என்று கேட்டுக்கொள்வது நல்லது.

அப்போதே ‘கரண்ட்’ வைத்திருக்கலாமே?

கதிர்வீச்சை ‘கரண்ட் வைப்பது’ என்று சொல்லிப் பழகிய நம் ஊரில், நோய் திரும்பியதும் குடும்பத்தார் முதலில் கேட்பது இதுதான். ஆபரேஷன் முடிந்த கையோடு கதிர்வீச்சையும் கொடுத்திருந்தால் வந்திருக்காதே?

கேள்வி நியாயமானது. உலகமும் பல ஆண்டுகள் அப்படித்தான் நினைத்தது. மார்பின் நடுக்கணுக்களில் புற்று இருந்து, முழுமையாக ஆபரேஷன் செய்யப்பட்டவர்களை வைத்து ஐரோப்பாவில் நடந்த ‘லங் ஆர்ட்’ சோதனை அதைப் பரிசோதித்துப் பார்த்தது. மூன்று ஆண்டு முடிவில் நோய் திரும்பாமல் இருந்தவர்கள், கதிர்வீச்சு பெற்ற பிரிவில் 47 சதவீதம், பெறாத பிரிவில் 44 சதவீதம். வேறுபாடு இருப்பதாகச் சொல்ல முடியாத இடைவெளி. அந்தப் பகுதியில் நோய் முளைப்பது குறைந்தது உண்மை. கதிர் பெற்றவர்களிடம் இதய, நுரையீரல் பாதிப்புகள் கூடியதும் உண்மை. வரவும் செலவும் சரியாகிவிட்டன.

ஆபரேஷனுக்குப் பின் கீமோ கொடுப்பதற்கு இதைவிட நல்ல ஆதாரம் உண்டு. சிஸ்பிளாட்டின் அடிப்படையிலான கீமோ ஐந்தாண்டு உயிர்வாழ்வைச் சுமார் 5 சதவீதப் புள்ளிகள் கூட்டுகிறது என்று பல சோதனைகளைத் தொகுத்துப் பார்த்ததில் தெரிந்தது. ஆகவே இரண்டாம், மூன்றாம் கட்டத்தினருக்கு நாலு சுற்று கீமோ உண்டு, கதிர்வீச்சு பொதுவாக இல்லை. அன்றைக்குக் கொடுக்காமல் விட்டதால்தான் இன்றைக்கு முழு அளவு கதிரையும் பயன்படுத்த முடிகிறது. ஒருமுறை 60 கிரே (கதிரின் அளவைச் சொல்லும் அலகு) வாங்கிய மார்பில் மறுபடி அதே அளவை வைப்பது மிகச் சிலருக்கே சாத்தியம்.

30 தவணை, 60 கிரே

கதிர்வீச்சு தொடங்கும் முன் ஒரு வாரமாவது திட்டமிடல் நடக்கும். மூச்சு விடும்போது கட்டி மேலும் கீழும் எவ்வளவு நகர்கிறது என்று பதிவு செய்யும் சி.டி. எடுக்கிறார்கள். அதில் டாக்டர் கட்டியை ஒவ்வொரு அடுக்காக வரைகிறார். காப்பாற்ற வேண்டியவற்றையும் வரைகிறார்: தண்டுவடம், இதயம், உணவுக்குழாய், மிச்சமிருக்கும் நுரையீரல். பிறகு மருத்துவ இயற்பியலாளர் கணினியில் உட்கார்ந்து, எந்தக் கோணத்தில் எவ்வளவு என்று கணக்குப் போடுகிறார்.

அந்தக் கணக்கில்தான் ஆபரேஷன் செய்துகொண்டவரின் கஷ்டம் தெரியவரும். ஆரோக்கியமான நுரையீரலில் 20 கிரேவுக்கு மேல் வாங்கும் பகுதி மொத்தத்தில் 35 சதவீதத்தைத் தாண்டக் கூடாது என்பது பொது எல்லை. வலது நுரையீரலில் மூன்று மடல், இடதில் இரண்டு. அதில் ஒன்றை ஏற்கெனவே கழற்றியாயிற்று. மொத்தமே சுருங்கியிருக்கும்போது 35 சதவீதம் என்பதும் சுருங்கிப்போகிறது. ஒரு பக்க நுரையீரல் முழுவதையும் இழந்தவரிடம் டாக்டர்கள் இன்னும் பயந்து பயந்துதான் கதிரைத் திருப்புகிறார்கள். இருக்கும் ஒரே நுரையீரல் வெந்துபோனால் மாற்று இல்லை.

அளவு கூடினால் பலன் கூடும் என்ற எண்ணமும் ஒரு காலத்தில் இருந்தது. அமெரிக்காவில் 60 கிரேயையும் 74 கிரேயையும் நேருக்கு நேர் வைத்துப் பார்த்தார்கள். 60 கிரே பெற்றவர்களின் இடைநிலை ஆயுள் 28.7 மாதம். 74 பெற்றவர்களுக்கு 20.3. கூடுதல் கதிர் ஆளைக் காப்பாற்றவில்லை, சீக்கிரம் கொண்டுபோனது.

கீமோ எதற்கு? தூரத்தில் ஒளிந்திருக்கும் செல்களைத் தாக்குவது ஒரு வேலை. கதிர் பட்ட செல் தன் மரபணுச் சேதத்தைச் சரிசெய்துகொள்ளவிடாமல் தடுப்பது இன்னொரு வேலை. இரண்டாவது வேலை நடக்க வேண்டுமானால் கீமோவும் கதிரும் ஒரே காலத்தில் உடம்பில் இருக்க வேண்டும். முதலில் கீமோ, அதை முடித்துவிட்டுக் கதிர் என்று வரிசையாகக் கொடுப்பதைவிட, சேர்த்துக் கொடுத்தால் ஐந்தாண்டு உயிர்வாழ்வு 4.5 சதவீதப் புள்ளிகள் கூடியது என்று 2010-ல் வெளியான தொகுப்பாய்வு காட்டியது. அதற்கான விலையையும் அதே ஆய்வு சொன்னது: உணவுக்குழாய் கடுமையாகப் புண்ணாவது 4 சதவீதத்திலிருந்து 18 சதவீதமாக ஏறியது.

இங்கே வாரம் ஒருமுறை கார்போபிளாட்டினும் பேக்லிடாக்சலும் கொடுப்பது பரவலான வழக்கம். சிறுநீரகமும் உடம்பும் திடமாக இருந்தால் சிஸ்பிளாட்டினோடு எட்டோபோசைட். 70 வயதைத் தாண்டியவர்களுக்கு ஜப்பான் ஒரு வழி காட்டியது: கதிரோடு தினமும் சிறிய அளவு கார்போபிளாட்டின் சேர்த்ததில் இடைநிலை ஆயுள் 16.9 மாதத்திலிருந்து 22.4 மாதமானது. ‘வயசாச்சு, கீமோ வேண்டாம்’ என்று எடுத்த எடுப்பில் சொல்லிவிடும் பிள்ளைகள் இதைத் தெரிந்துகொள்ள வேண்டும்.

ஒன்றைச் சொல்லாமல் விட்டால் நேர்மையாக இராது. கதிரின் அளவு பற்றியும் கீமோவைச் சேர்த்துக் கொடுப்பது பற்றியும் மேலே சொன்ன சோதனைகள் பெரும்பாலும் ஆபரேஷன் செய்ய முடியாத மூன்றாம் கட்ட நோயாளிகளிடம் நடந்தவை. ஆபரேஷனுக்குப் பின் திரும்பி வந்தவர்களுக்கென்றே பெரிய சோதனை கிடையாது. அங்கிருந்து கடன் வாங்கித்தான் இங்கே சிகிச்சை நடக்கிறது. பழைய கோப்புகளைத் தோண்டிப் பார்த்த ஆய்வுகள், திரும்பி வந்தவர்கள் புதிய நோயாளிகளைவிட மோசமாக இல்லை என்று சொல்வது கொஞ்சம் ஆறுதல்.

இரண்டாவது வாரம் சுகம், நாலாவது வாரம் சோதனை

முதல் இரண்டு வாரம் ‘இதற்கா இவ்வளவு பயந்தோம்’ என்று தோன்றும். மூன்றாவது வாரத்தில் இட்லி தொண்டைக்குக் கீழே நிற்கிற மாதிரி இருக்கும். நாலாவது வாரம் தண்ணீர் இறங்கினாலே நெஞ்சு எரியும். சாப்பாடு குறையும், எடை இறங்கும், வெள்ளணுக்கள் சரியும். அந்த வாரக் கீமோவை டாக்டர் நிறுத்திவைப்பார். ஐந்தாவது வாரத்தில்தான் பலர் “ஊருக்குப் போய் நாலு நாள் இருந்துட்டு வந்துடறோம்” என்று கேட்கிறார்கள். பொங்கலோ தீபாவளியோ நடுவில் வந்துவிட்டால் கேட்கவே வேண்டாம்.

இந்த நாலு நாள்தான் ஆபத்தானது. கதிர் பட்டு மிஞ்சிய புற்றுச் செல்கள் சில வாரம் கழித்து முன்னைவிட வேகமாகப் பெருகத் தொடங்கும். இடைவெளி விட்டால் அவற்றுக்குக் கொண்டாட்டம். காலம் எவ்வளவு முக்கியம் என்பதை இங்கிலாந்தில் 1990-களில் நடந்த ‘சார்ட்’ சோதனை பளிச்சென்று காட்டியது. கீமோவே இல்லாமல், சனி, ஞாயிறும் விடாமல், நாளுக்கு மூன்று வேளை கதிர் கொடுத்து 12 நாளில் 54 கிரேயை முடித்தார்கள். இரண்டாண்டு உயிர்வாழ்வு 20 சதவீதத்திலிருந்து 29 சதவீதமாகியது. ராத்திரியும் ஞாயிறும் வேலை செய்ய ஆள் வேண்டும் என்பதால் அந்த முறை பரவவில்லை. அதன் பாடம் மட்டும் நிலைத்தது.

இயந்திரம் பழுதாகி நாள் தவறினால், ஆறு மணி நேர இடைவெளியில் ஒரே நாளில் இரண்டு தவணை கொடுத்தோ சனிக்கிழமை வரவழைத்தோ ஈடுகட்டலாம். நாள் தவறும்போது இதை டாக்டரிடம் கேட்க நோயாளிக்கு உரிமை உண்டு. நம் ஊரில் யாரும் கேட்பதில்லை.

---

பெட்டிச் செய்தி: அடுக்களைக்கும் ஒரு வேலை

எடை குறையாமல் ஆறு வாரத்தைக் கடப்பதுதான் குறி. ஊறுகாய், காரக்குழம்பு, எலுமிச்சை, ஆவி பறக்கும் காபி மூன்றாவது வாரத்திலிருந்து வேண்டாம். குழைந்த தயிர்சாதம், ராகிக் கூழ், முட்டை, பருப்பு மசித்த சாதம், வாழைப்பழம், ஆறிய பால் எனக் கொஞ்சம் கொஞ்சமாக ஆறேழு வேளை. சாப்பாட்டுக்கு முன் குடிக்கும் வலி மருந்தும் புண்ணாற்றும் சிரப்பும் இருக்கின்றன. வலி தாங்கமுடியாதபோதுதான் கேட்க வேண்டும் என்றில்லை. வாய் வழியே போகவே இல்லையென்றால் சில வாரத்துக்கு மூக்குக்குழாய். அதற்குப் பயந்து சிகிச்சையை நிறுத்த வேண்டாம்.

வெளியிலிருந்து பாய்ச்சும் இந்தக் கதிர் உடம்பில் தங்குவதில்லை. பேரக் குழந்தையை மடியில் வைத்துக்கொள்ளலாம். பீடி, சிகரெட் அறவே கூடாது. இந்த ஆறு வாரத்தில் புகைத்தால் புண்ணும் கூடும், சிகிச்சையின் பலனும் குறையும்.

---

முடிந்த பிறகுதான் ஆரம்பம்

கடைசித் தவணை முடிந்து, மார்க்கர் குறிகளைத் தேய்த்துக் குளித்து, ஊருக்குப் போய் ஒரு மாதம், மூன்று மாதம் கழிகிறது. திடீரென்று வறட்டு இருமல், மாடி ஏறினால் மூச்சு வாங்கல், லேசான காய்ச்சல். இது கதிர்வீச்சால் வரும் நுரையீரல் அழற்சியாக இருக்கலாம். பொதுவாக முடிந்த ஒன்று முதல் ஆறு மாதத்துக்குள் வரும். உள்ளூர் ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே எடுத்தால் வெள்ளையாகத் தெரியும். நிமோனியா என்று ஆன்டிபயாட்டிக் ஒரு வாரம், டி.பி. என்று இன்னொரு வாரம், புற்று பரவிவிட்டது என்று ஒரு கைவிரிப்பு. உண்மையில் தேவைப்படுவது தகுந்த அளவு ஸ்டீராய்டு, அதை வாரக்கணக்கில் மெல்ல மெல்லக் குறைப்பது. கவனிக்காமல் விட்டால் உயிரையே வாங்கக்கூடியது. ‘இவருக்கு மார்பில் கதிர்வீச்சு முடிந்திருக்கிறது’ என்ற ஒரு வரியைப் போகிற டாக்டரிடமெல்லாம் சொல்ல வேண்டிய பொறுப்பு குடும்பத்துக்கு இருக்கிறது. பாதிப் பேர் அந்த ஃபைலை பீரோவில் வைத்துப் பூட்டிவிடுகிறார்கள்.

ஆறு வாரம் முடிந்தபின் என்ன மருந்து என்பதில்தான் கடந்த சில ஆண்டுகளில் எல்லாம் தலைகீழாக மாறியிருக்கிறது. 2017-ல் வந்த ‘பசிபிக்’ சோதனையில், கீமோ-கதிர்வீச்சு முடித்தவர்களுக்கு டுர்வலுமாப் என்ற நோயெதிர்ப்பு ஊசியை ஓராண்டு கொடுத்தார்கள். ஐந்தாண்டு முடிவில் ஊசி பெற்றவர்களில் 42.9 சதவீதம் பேர் உயிரோடு இருந்தார்கள், பெறாதவர்களில் 33.4 சதவீதம். ஈ.ஜி.எஃப்.ஆர். மாற்றம் உள்ளவர்களுக்கு இந்த ஊசி பெரிதாகக் கைகொடுப்பதில்லை. அவர்களுக்கு ஒசிமெர்டினிப் மாத்திரை. 2024-ல் வந்த ‘லாரா’ சோதனையில் நோய் முற்றாமல் கழிந்த இடைநிலைக் காலம் 5.6 மாதத்திலிருந்து 39.1 மாதமாக நீண்டது. திசுவின் மரபணுவைப் பார்க்காமல் விட்டால் எந்த வழி என்பதே தெரியாது என்று முன்னே சொன்னது இதற்காகத்தான்.

விலை? 2024 மத்திய பட்ஜெட்டில் டுர்வலுமாப், ஒசிமெர்டினிப் இரண்டுக்கும் சுங்க வரி விலக்கு கொடுத்தார்கள். வரவேற்க வேண்டியதுதான். ஆனாலும் ஓராண்டு ஊசிக்கான கணக்கு பல லட்சங்களில் நிற்கிறது. மாதச் சம்பளக்காரர் வீட்டை அடமானம் வைத்தாலும் எட்டாத கணக்கு. உலகம் 43 சதவீதத்தைப் பற்றிப் பேசும்போது, நம் ஊர் நோயாளிகளில் பெரும்பாலோர் 33 சதவீத வரிசையில்தான் நிற்கிறார்கள்.

தூரத்துக்குப் போய்விட்டால்

மூளையிலும் எலும்பிலும் திரும்பியவர்களுக்கு இந்த ஆறு வாரத் திட்டம் பொருந்தாது. அங்கே மாத்திரை, கீமோ, நோயெதிர்ப்பு மருந்துதான் முன்னணி. கதிர்வீச்சுக்கு அங்கும் வேலை உண்டு. எலும்பு வலிக்கு ஒரே தவணை போதுமானதாக இருக்கும். ரத்தம் கக்குவதை ஐந்து, பத்து தவணையில் நிறுத்தலாம். வலியைக் குறைக்கும் ஆதரவுச் சிகிச்சையைக் கடைசிக் கட்டத்துக்கென்று ஒத்திவைப்பதும் தப்புக் கணக்கு. பாஸ்டனில் நடந்து 2010-ல் வெளியான ஆய்வில், பரவிய நுரையீரல் புற்றோடு வந்தவர்களுக்குத் தொடக்கத்திலிருந்தே ஆதரவுச் சிகிச்சையைச் சேர்த்துக் கொடுத்ததில் அவர்களின் மனச்சோர்வு குறைந்தது, இடைநிலை ஆயுளும் 8.9 மாதத்திலிருந்து 11.6 மாதமானது. தமிழ்நாட்டில் ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில் வீட்டுக்கே வந்து இந்தச் சிகிச்சை கொடுக்க ஏற்பாடு உண்டு. ஆரம்ப சுகாதார நிலையத்தில் பெயரைப் பதிந்துகொள்ள வேண்டும்.

இயந்திரத்துக்குப் பணம் உண்டு, அறைக்கு இல்லை

முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில், ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்கு உட்பட்ட குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை பாதுகாப்பு இருக்கிறது. கதிர்வீச்சும் வழக்கமான கீமோவும் அதில் அடங்கும். இந்தத் திட்டம் இல்லாவிட்டால் பாதிப் பேர் மேசை வரைக்கே வந்திருக்க மாட்டார்கள் என்பதையும் சொல்லியாக வேண்டும்.

ஆனால் ஆறு வாரம் சென்னையிலோ மதுரையிலோ வேலூரிலோ தங்க இடம்? கூட வரும் மனைவியின் அல்லது மகனின் கூலி? இரண்டு பேர் சாப்பாடு, ஆட்டோ? கால் மணி நேரச் சிகிச்சைக்காக மீதி இருபத்து மூன்றே முக்கால் மணி நேரத்தையும் வெளியூரில் வாங்க வேண்டியிருக்கிறது. சிகிச்சை பாதியில் நிற்பது மருந்து ஒத்துக்கொள்ளாமல் மட்டுமல்ல. கையிருப்பு தீர்ந்துபோயும் நிற்கிறது. ஒரு நாள் தவறினாலும் பலன் குறையும் என்று தெரிந்த சிகிச்சைக்கு, அந்த நாளைத் தவறவிடாமல் இருக்க ஆகும் செலவைச் சிகிச்சைச் செலவாக எந்தக் காப்பீடும் பார்ப்பதில்லை. என்னைக் கேட்டால், புது இயந்திரம் ஒன்றைத் திறந்துவைக்கும்போது பக்கத்திலேயே இருபது படுக்கையுள்ள தங்குமிடம் ஒன்றையும் சேர்த்துத் திறக்க வேண்டும்.

அதுவரை கையில் இருப்பதைப் பயன்படுத்திக்கொள்ளலாம். சிகிச்சைக்குப் போகும் புற்றுநோயாளிக்கு ரயிலில் ஸ்லீப்பர், மூன்றடுக்கு ஏ.சி. இரண்டிலும் கட்டணமே இல்லை. கூடச் செல்லும் ஒருவருக்கு 75 சதவீதச் சலுகை. அதற்கான படிவத்தில் மருத்துவமனையின் கையெழுத்தும் முத்திரையும் வேண்டும். திட்டமிடல் சி.டி.க்குப் போகிற நாளிலேயே அதை வாங்கி வைத்துக்கொள்வது நல்லது. தங்குமிடம், இலவச உணவு பற்றிய விவரங்களைச் சொல்ல மருத்துவச் சமூகப் பணியாளர் என்று ஒருவர் பெரிய மருத்துவமனைகளில் இருப்பார். அவர் அறை எங்கே என்று முதல் நாளே கேட்டுக்கொள்ளுங்கள். பெரும்பாலும் அது கதிர்வீச்சுப் பிரிவின் பக்கத்தில் இருக்காது, தேடித்தான் போக வேண்டும்.